எருசலேமில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பாம்பைப் பற்றிய உன் கட்டுரையை வாசித்தேன். ஏதேனில் பேசிய சர்ப்பம் சாத்தான் என்று ஆதியாகமம் ஓரிடத்திலும் சொல்லவில்லை என்கிறாய். வேதத்தை எடுத்துப் பார்த்தேன், சொல்லவில்லைதான். காட்டு ஜீவன்களில் அதுவே தந்திரமுள்ளது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ‘பழைய பாம்பு’ பிசாசு என்பது வெளிப்படுத்தின விசேஷத்தில் வருவது. எவ்வளவோ காலம் பிந்தியது. ஞாயிறு பள்ளியில் அந்தப் பாம்புக்குக் கொம்பு வரைந்து காட்டியவள் நான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பிள்ளைகள் பயந்து ஒழுங்காக உட்கார்ந்தார்கள், நீயும்தான்.

ஆனால் நீ எழுதாத ஒன்று என் கண்ணில் பட்டது. கர்த்தர் ஆதாமிடம் கேள்வி கேட்கிறார், ஏவாளிடம் கேள்வி கேட்கிறார். பாம்பிடம் மட்டும் ஒன்றும் கேட்காமல் நேராகச் சாபம் கொடுக்கிறார். ஆதாம் அவளைக் கைகாட்டினான், அவள் பாம்பைக் கைகாட்டினாள். வழக்கு முடிந்துவிட்டது. ஒரு வீட்டில் பிணக்கு என்றால் எல்லார் வாயாலும் கேட்க வேண்டும் என்று உன் தாத்தா சொல்வார். ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவள் இல்லை நான். அது உனக்குத் தெரியும். மருமகளுக்கும் தெரியும்.

கர்த்தருடைய சிங்காசனத்தண்டை நிற்கும் சிறகுள்ள சேராபீன்கள் விஷயத்தில் உன்னோடு நான் ஒத்துப்போக மாட்டேன். எகிப்து ராஜாக்கள் நெற்றியில் வைத்திருந்த படமெடுத்த நாகமும், யூதா தேசத்து முத்திரைகளில் கிடைத்த சிறகுள்ள நாகமும், ஏசாயா தீர்க்கதரிசி தரிசனத்தில் பார்த்த சேராபீனும் ஒரே குடும்பமாம். சரி, அந்த சேராபீன் குறட்டால் நெருப்புத் தழலை எடுத்ததே, கையில்லாமலா? கால்களை இரண்டு சிறகுகளால் மூடியதே, பாம்புக்கு ஏது கால்? நீ பதில் வைத்திருப்பாய். எனக்கு வேண்டாம். போன ஞாயிறு ஆராதனையில் அந்தச் சேராபீன்களின் ‘பரிசுத்தர், பரிசுத்தர்’ பாடும்போது நாகப்பாம்புதான் நினைவுக்கு வந்தது. நல்ல வேலை செய்தாய்.

என்றாலும் போதகரிடம் காட்டினேன். “எபிரெயு மூலத்தை வைத்து எழுதியிருக்கிறானே” என்றார். அதை உன் அத்தைக்குக் கேட்கும்படி இரண்டாம் தடவையும் சொல்லவைத்தேன். சாப்பிடுகிறாய் அல்லவா? படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

அந்தப் படத்தைச் சொல்கிறேன். தெற்கே திம்னா பள்ளத்தாக்கில் சாலொமோன் தூண்கள் என்கிற பாறைகளுக்கு முன்னால் நிற்கிறாய். நீட்டிய கை பெரிதாகத் தெரிகிறது, உன் தலை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. எடுத்துக்கொடுக்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லையா? அவ்வளவு தூரம் பாலைவனத்துக்குத் தனியாகவா போனாய்? மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை போலும். முன்பு ஞாயிறுதோறும் பேசுவாள். இப்போது வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அங்கே 1969ல் தொல்லியல் அறிஞர் ரோதன்பர்க் தோண்டி எடுத்த செப்புப் பாம்பு என் சாண் அளவுகூட இல்லையாமே, பன்னிரண்டு சென்டிமீட்டர்தானாம். தலையில் மட்டும் பொன் பூச்சு. எகிப்தியர் ஆத்தோர் தேவிக்குக் கட்டிய கோயிலை மீதியானியர் தங்கள் கூடாரக் கோயிலாக மாற்றிக்கொண்ட இடம் என்கிறாய். மோசேயின் மாமனார் மீதியானிய ஆசாரியன் அல்லவா, எனக்கு உடனே அதுதான் தோன்றியது. இதை நீ அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறாய். முன்னால் கொண்டுவா.

எண்ணாகமம் இருபத்தொன்றாம் அதிகாரத்தையும் இன்னொரு முறை வாசி. வனாந்தரத்தில் பாம்பு கடித்துச் சாகும்போது, சர்ப்பங்களை நீக்க விண்ணப்பம் பண்ணு என்றுதான் ஜனங்கள் மோசேயிடம் கேட்டார்கள். நீங்கின என்று அங்கே எழுதியிருக்கவில்லை. கடிபட்டவன் எவனோ அவன் மோசே கம்பத்தில் ஏற்றிய வெண்கல சர்ப்பத்தை நோக்கிப் பார்த்துப் பிழைத்தான், அவ்வளவுதான். எது கடித்ததோ அதன் உருவத்தையே ஏறிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்கு ஒன்றும் இல்லை, வேலை அதிகம் என்று சொன்னவனுக்கு என்ன ஆயிற்று என்று மோசே எழுதவில்லை. நான் வேதத்தைத்தான் சொல்கிறேன். அந்த வெண்கல சர்ப்பத்துக்கே பிறகு ஜனங்கள் தூபம் காட்ட, எசேக்கியா ராஜா உடைத்துப்போட்டான். பிழைக்கவைத்தது என்பதற்காக அவன் அதை விட்டுவைக்கவில்லை. உன் கட்டுரையில் இந்தப் பகுதி நன்றாக இருக்கிறது, அப்பாவும் சொன்னார்.

அத்தையிடம் ஒரு மணி நேரம் பேசினாயாம். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் முகம்தான் சரியில்லை.

முந்திரிக்கொத்து இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டதும் எத்தனை டிக்கெட் என்று எழுது. மாடி அறைக்கு ஒற்றைக் கட்டிலா, இரட்டைக் கட்டிலா என்று ஆசாரி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பலகை அறுக்க வேண்டுமாம்.

அம்மா