ஆத்தேயிடம் யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தாயின் தூக்கமில்லாத இரவுகள், தந்தையின் கடன், சிகிச்சைக்காக அலைந்த அலைச்சல் எல்லாம் அதில் இருந்தன. அதே வீட்டில் இன்னொரு பிள்ளையும் வளருமே, அது என்ன நினைக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பிலிப்பைன்ஸில் டாவாவ் நகரத்தில் மருத்துவம் படித்தவள். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். படிப்பின்போது நான்கு ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். குடும்பத் தலைவருக்குச் சவூதியில் வேலை. தாய் வீட்டைப் பார்த்துக்கொண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். மூன்று பிள்ளைகள். மூத்தவள் பெண், நான் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நடுப்பையனுக்கு மூளை முடக்குவாதம். நடக்கவும் முடியாது, பேசவும் முடியாது. கடைக்குட்டிக்கு ஐந்து வயது. பெயர்களை எழுதவில்லை. மூத்தவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அங்கே அக்காவை ஆத்தே என்பார்கள், அண்ணனைக் குயா என்பார்கள். பெரியவர்கள் வீட்டுக்கு வந்தால் அவர்கள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து ஆசி வாங்குவது அந்த நாட்டு வழக்கம். நடுப்பையனுக்குக் கை சொன்னபடி கேட்காது. அதனால் மூத்தவள் வந்தவரின் கையைப் பிடித்து முதலில் தம்பியின் நெற்றியில் வைப்பாள், பிறகுதான் தன் நெற்றியில். பார்க்கிறவர்கள் "புவோதான்" என்பார்கள். அந்தப் பகுதியில் பேசும் பிசாயா மொழியில் நல்ல குணமுள்ள பிள்ளை என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள், தேவாலயத்துக்கு வருகிறவர்கள், மளிகைக் கடைக்காரம்மா என்று எல்லாரும் அவளைப் பார்த்து அதையேதான் சொன்னார்கள். ஊரே இப்படிச் சொல்லிவிட்ட பிறகு, "இன்றைக்கு எனக்கு முடியவில்லை" என்று அந்தப் பிள்ளை எப்படி வாய் திறக்கும்?

அந்த நாட்டுக் குழந்தை உளவியலாளர் மரியா லூர்து கராந்தாங் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் குறித்து எழுதியிருக்கிறார். அவர்களுக்குத் தகலோகு மொழியில் "தாகாசாலோ" என்று பெயர். கீழே விழுவதைத் தாங்கிப் பிடிக்கிறவர் என்று பொருள். குடும்பத்தில் எது சரிந்தாலும் ஓடிவந்து கை நீட்டும் பிள்ளை. பெரும்பாலும் மூத்த பெண்ணின் தலையில்தான் அது விழும். தாயோ தந்தையோ வெளிநாட்டில் உழைக்கும் குடும்பங்கள் கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் லட்சக்கணக்கில் உள்ள நாடு அது. ஆத்தே இல்லாமல் அங்கே பல வீடுகளில் அடுப்பு எரியாது.

ஒரு நாள் இரவு மின்சாரம் போய்விட்டது. அங்கே அதற்குப் "பிரௌன்அவுட்" என்று பெயர். வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். மூத்தவளுக்கு அப்போது பதினைந்து வயது. என்னையும் அவள் ஆத்தே என்றுதான் கூப்பிடுவாள். திடீரென்று, "ஆத்தே, உங்களிடம் மருத்துவம் பற்றி ஒன்று கேட்கட்டுமா? நானாயிடம் சொல்லக்கூடாது" என்றாள். நானாய் என்றால் அம்மா.

மசக்கைக் காலத்தில் தாய் எதைப் பார்த்து ஏங்கினாளோ, எதைக் கண்டு அதிர்ந்தாளோ, அது குழந்தையின் உடம்பில் படிந்துவிடும் என்பது அங்கே பாட்டிமார் சொல்லும் பேச்சு. தம்பி வயிற்றில் இருந்தபோது இவள் ஒரு பொம்மைக்காக அடம்பிடித்து அழுதாளாம். தாய் பதறி எழுந்து வந்தாராம். "அதனால்தான் அவனுக்கு இப்படி ஆனதா?"

நான்கு வயதில் அழுததை நினைத்துப் பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பிள்ளை உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறாள். பிரசவத்தில் சிக்கலாகி மூளைக்குப் பிராணவாயு குறைந்துபோனது. தாயிடம் இருந்த மருத்துவச் சீட்டிலேயே அது எழுதியிருந்தது. இருட்டிலேயே எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "என்னிடம் யாருமே சொல்லவில்லை" என்றாள். மருத்துவர்கள் தாய்க்கு விளக்கியிருக்கிறார்கள், தந்தைக்கு விளக்கியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் உள்ளவர்களின் குறை இது, வேறு யாரையும் நான் சொல்லவில்லை.

அவளுக்குத் தம்பிமேல் பாசம் இல்லை என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. எந்தச் சத்தம் பசி, எந்தச் சத்தம் வயிற்றுவலி என்று தாயைவிட அவளுக்குத்தான் முதலில் தெரியும். ஜீப்னி என்று அங்கே ஓடும் சிற்றுந்தின் ஹாரன் கேட்டால் அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். அதற்காகவே சாயங்காலம் அவனைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போவாள். 'பாவம், உனக்குப் பாரம்' என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கண் சிவந்துவிடும். அந்தப் பாசமும் உண்மை, சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போக முடியாத ஞாயிற்றுக்கிழமைகளின் கோபமும் உண்மை. முதலாவதை எல்லாரிடமும் சொல்ல முடிந்தது. இரண்டாவதைச் சொல்லிக்கொள்ள ஒரு மாடி வாடகைக்காரி வேண்டியிருந்தது.

கடைக்குட்டியின் கதை வேறு. குயா என்றால் தம்பியைக் காப்பாற்றுகிறவன். இவனோ தன் குயாவுக்குச் சோறு ஊட்டினான். கடைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி வரிசையில் முன்னால் போவது அவனுக்குப் பெருமை. எட்டு வயதானதும் அதே வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். பள்ளியில் ஒருவன் குயாவைப் "புவாங்" என்று, அதாவது பைத்தியம் என்று சொல்லிவிட, அடித்துப் புரண்டு சட்டைக் காலர் கிழிந்து வந்தான். காரணத்தைத் தாயிடம் சொல்லவே இல்லை. இப்படிக் கேலி செய்வதைத் தடை செய்து 2007ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. பள்ளி மைதானத்துக்கு அது வந்து சேரவில்லை.

அவன் கேட்ட ஒரு கேள்வியை மறக்க முடியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளை வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். 'ஸ்வெர்தே' என்பார்கள். நடுப்பையன் பிறந்த பிறகுதான் அப்பாவுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தது என்று பாட்டி அடிக்கடி சொல்வார். ஒரு நாள் சின்னவன் கேட்டான்: "குயா ஸ்வெர்தே, ஆத்தே புவோதான். அப்போது நான் யார்?"

அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சாசனச் சட்டம் 1992இல் வந்தது. அடையாள அட்டையைக் காட்டினால் மருந்துக்கும் பயணத்துக்கும் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆத்தேயைப் பற்றிச் சட்டம் பேசும் ஓர் இடத்தையும் அவளே எனக்குக் காட்டினாள். 1987ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத் தொகுப்பின் 195ஆம் பிரிவு. ஒருவரை ஒருவர் ஆதரிக்கக் கடமைப்பட்டவர்கள் பட்டியலில் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரோடு உடன்பிறந்தவர்களும் இருக்கிறார்கள். "சட்டம் சொல்லாவிட்டாலும் நான்தான் பார்த்துக்கொள்வேன், ஆத்தே. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

ஆசிரியர் அவர்களே, இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, எந்த நாட்டுக் குடும்பமானாலும் சரி, உங்கள் செய்தியாளர் மற்றப் பிள்ளைகளோடும் பத்து நிமிடம் உட்காரட்டும். பெற்றோர் அருகில் இல்லாதபோது உட்காரட்டும். "நீ நல்ல பிள்ளை" என்று தொடங்க வேண்டாம். அண்ணனுக்கு, தம்பிக்கு ஏன் இப்படி ஆனது என்று உனக்குச் சொன்னார்களா என்று கேட்கட்டும்.

மூத்தவள் இப்போது செபு நகரத்தில் செவிலியராக இருக்கிறாள். செவிலியர் படிப்பு குடும்பம் எடுத்த முடிவு. இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குப் பேசுவாள். சின்னவன் போனைக் குயாவின் காதருகே வைப்பான். அவள் ஜீப்னி ஹாரன்போல வாயாலேயே சத்தமிடுவாள். அந்தப் பக்கம் அவன் சிரிப்பது கேட்கும்வரை போனை வைக்கமாட்டாள்.

அன்புடன்,
ஒரு வாசகி, மருத்துவர்
நாமக்கல்