பூட்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன்

புந்தோங், ஈப்போ
ஞாயிறு காலை

தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்பைவிடப் பரவாயில்லை. அக்காவின் சின்னவள் தமிழ்ப்பள்ளியில் திருக்குறள் ஒப்புவித்து ஒரு கோப்பை வாங்கி வந்திருக்கிறாள். அதை யாரும் தொடக்கூடாதாம். கூரைத் தகடு மாற்றியாகிவிட்டது. நீ அனுப்பிய 3,000 வெள்ளியில் 200 மிச்சம். இந்த வயதில் நான் கூரைமேல் ஏறினேன் என்று அம்மா புகார் சொல்வாள். நம்பாதே, ஏணியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் அடிக்கடி பேசுகிறாயாம். என்னிடம் பேசி ஐந்து வாரம் ஆகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு வண்டியை எடுத்து, ஜொகூர் பாலத்தில் புகைக்கு நடுவில் ஊர்ந்து, சிங்கப்பூரின் வுட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி வேலைக்குப் போகிறவனுக்கு நேரம் எங்கே இருக்கும். குறையாகச் சொல்லவில்லை.

அஞ்சலில் ஒரு பொட்டலம் வரும். முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், இரண்டுக்கும் நடுவில் ஒரு பூட்டு. தீபாவளிக்கு வந்திருந்தபோது உன் வண்டியின் பின்பெட்டியைப் பார்த்தேன். பூட்டு உடைந்து, ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தாய். விரல் விட்டாலே மூடி தூக்கிக்கொள்கிறது. உள்ளே மழைச்சட்டை, ஒற்றைக் கையுறை, அம்மா கொடுத்த திருநீற்றுப் பொட்டலம். வேறொன்றும் இல்லை. நான் தேடவில்லை, மூடி சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

உன்னோடு வந்த அந்த நண்பன் நல்ல பையனாகத்தான் தெரிந்தான். சாப்பிட்ட இலையைத் தானே எடுத்தான். ஆனால் போன் வரும்போதெல்லாம் இருவரும் எழுந்து மாமரத்தடிக்குப் போனீர்கள். அவனுடைய வண்டி விலைக்கு நான் இரண்டு வருடம் லோரி ஓட்டியிருக்க வேண்டும். என்ன வேலை என்று கேட்டதற்கு, 'அங்கே இங்கே' என்றான். அப்படி ஒரு வேலை எனக்குத் தெரிந்து கிடையாது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளாதே.

உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். சிங்கப்பூரில் ஒரு பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதோ, உள்ளே இருக்கும் போதைப்பொருளும் அவனுடையது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அது இன்னதென்று அவனுக்குத் தெரியும் என்றும் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவன் பாடு. ஹெராயின் இரண்டு கிராமுக்கு மேல் இருந்தால் விற்க வைத்திருந்தான் என்று ஆகிவிடும். கலப்பை நீக்கிச் சுத்தமாக 15 கிராமைத் தாண்டினால் தூக்கு. 15 கிராம் என்றால் அம்மா ரசத்துக்குக் கிள்ளிப் போடும் புளி.

தஞ்சோங் ரம்புத்தான் நாகேந்திரனை நினைத்துப் பார். 2009இல் பிடிபட்டபோது வயது இருபதோ இருபத்தொன்றோதான். நண்பன் ஓட்டிய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனான். தொடையில் கட்டியிருந்தது 42.72 கிராம். அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்கள். ஏப்ரல் 27, 2022 விடியற்காலை சாங்கி சிறையில் தூக்கிலிட்டார்கள். உடலை இங்கே கொண்டு வந்த பிறகு நான் போனேன், அம்மாவுக்குச் சொல்லவில்லை. வீடு வரைக்கும் போகக் கால் வரவில்லை. தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

2013இலிருந்து அங்கே ஒரு சின்ன வழி வைத்திருக்கிறார்கள். சும்மா சுமந்து போனவன்தான் என்று நிரூபித்து, கும்பலைப் பிடிக்க உருப்படியாக உதவினான் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சான்றிதழும் கொடுத்தால், நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் கொடுக்கலாம். இதிலுள்ள கோணலைப் பார். மேலே இருப்பவர்களைத் தெரிந்தவனிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். ஒன்றும் தெரியாமல் சுமந்த முட்டாளிடம் என்ன இருக்கும்? கட்டிவிட்டவன் எங்கோ தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பான். நம் மலேசியாவில் கட்டாயத் தூக்கை 2023இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் நீ பிழைக்கப் போகிற இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு வெள்ளி இங்கே மூன்றுக்கு மேல் என்கிற கணக்கு நமக்குத் தெரிவதுபோல இந்த ஆட்களுக்கும் தெரியும்.

வண்டியை இரவல் கொடுக்காதே. மற்றவன் வண்டியில் பின்னால் ஏறாதே. பெட்டியைத் திறந்து பார்க்காமல் பாலத்தில் ஏறாதே. நான் கேமரன் மலையிலிருந்து கோஸ் ஏற்றிய காலத்தில் படுதாவைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. உன் சித்தப்பா பார்க்கவில்லை. அதைத் திரும்ப எழுத வேண்டாம்.

உன்னைப் பற்றிக் கடைத்தெருவில் பெருமையாகத்தான் பேசுகிறேன். வெல்டிங் சான்றிதழ் வாங்கியதை இரண்டு பேரிடம் சொன்னேன். மூன்றாவது ஆள் தானே கேட்டார்.

இத்தனை பக்கம் எழுதியும் கேட்க உட்கார்ந்ததை இன்னும் கேட்கவில்லை. ஏன் கேட்க முடியவில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். உனக்குப் பதினேழு வயது. பந்து விளையாடிவிட்டு வந்த மூன்று பேரைச் சாலையில் நிறுத்தினார்கள். சீனப் பையன்கள் இரண்டு வண்டி அதே சாலையில் போனது, அவர்களை நிறுத்தவில்லை என்று பிறகு அக்காவிடம் சொன்னாயாம். இரவு முழுக்க நிலையத்தில் உட்கார வைத்து, சிறுநீரைச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று காலையில் விட்டார்கள். நீ வாசற்படியில் காலை வைத்தாய். நான் இடுப்புவாரைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சும்மாவா பிடிப்பார்கள் என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன். நீ கையைக்கூடக் குறுக்கே வைக்கவில்லை.

இல்லை என்று காட்ட வேண்டியது அவன் பாடு என்கிற சட்டத்தை மேலே எழுதினேனே, அன்று நம் வீட்டு வாசலில் நான் செய்ததும் அதேதான். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் சொன்னதில்லை. நாளைக்கு எவனாவது ஒரு பையைக் கையில் திணித்து மிரட்டினால், ஓடிவந்து சொல்ல உனக்கு அப்பன் இல்லாமல் செய்துவிட்டேன் என்று நினைக்கும்போது இந்த ஐந்து வாரமும் தூக்கம் பிடிக்கவில்லை.

அப்படி ஏதாவது இருந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பேன். எதையும் கேட்க மாட்டேன், முதல் பஸ்ஸைப் பிடித்து லார்கின் நிலையத்தில் வந்து நிற்பேன். ஒன்றும் இல்லை என்றாலும் கூப்பிடு.

பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றுதான் பொட்டலத்தில் இருக்கும். மற்றதை நான் வைத்துக்கொண்டேன். ஊறுகாய்ப் புட்டியை அடுத்த முறை மறக்காமல் கொண்டுவர வேண்டுமாம், அம்மா சொல்கிறாள்.

அப்பா