தமிழ் வகுப்பை மரத்தடிக்குக் கொண்டு வாருங்கள்

எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பின் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் குழுவினருக்கும்,

வணக்கம். சென்ற ஞாயிறு வகுப்பு முடிந்து லால்பாக் பூங்கா பக்கமாக வந்தோம். வாசலருகே ஒரு அம்மா கூடையில் நாவற்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பார்த்ததுமே என் மகள் கன்னடத்தில் "நேரளே ஹண்ணு!" என்றாள். தமிழில் என்னவென்று கேட்டேன், தெரியவில்லை. நாவல் என்றேன். "நாவல் என்றால் கதைப் புத்தகம் இல்லையா அம்மா?" என்றாள். கால் கிலோ வாங்கிக் கொடுத்தேன். நாக்கும் உதடும் ஊதாவாகிற வரை தின்றாள். வீடு வந்து சேரும்வரை நாவல், நாவல் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இனி அந்தச் சொல்லை அவள் மறக்கப்போவதில்லை.

சம்பளம் எதுவும் வாங்காமல் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை எங்கள் பிள்ளைகளுக்குத் தருகிறீர்கள். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: மாதத்தில் இரண்டு வகுப்புகளை, இப்போது நடக்கும் அந்தக் கீழ்த்தள அறையிலிருந்து வெளியே கொண்டு வாருங்கள்.

அங்கே ஜன்னல் இல்லை. காலையிலும் டியூப்லைட் எரிகிறது. வாரம் முழுவதும் பள்ளி வேன், டியூஷன், லிஃப்ட், வீடு என்று சுற்றும் பிள்ளைகள் ஞாயிறன்றும் இரண்டு மணி நேரம் கூரைக்குக் கீழேயே உட்காருகிறார்கள். குடியிருப்பு வளாகத்தில் பந்து உருட்டலாம் என்றால் காருக்கும் காருக்கும் நடுவே இடமில்லை. 5 வயது முதல் 17 வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?

என் மகளுக்குப் போன வருடம் கண்ணாடி போட்டோம். எட்டு வயது. அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். சீனாவின் குவாங்சௌ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு வந்தது. 2015இல் வெளியான முடிவு இது. வந்துவிட்ட கண்ணாடியை வெயில் கழற்றிவிடாது. ஆனால் வகுப்பில் இன்னும் கண்ணாடி போடாத சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்காகக் கேட்கிறேன்.

தமிழும் வெளியேதான் நன்றாக ஒட்டும். லால்பாக்கில் ஒரு மணி நேரம் நடந்தால் கன்னடமே நமக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும். ஆலத மர, ஆலமரம். பேவு, வேம்பு. ஹொங்கே, புங்கம். ஹுணசே, புளி. கன்னடத்தின் 'ஹ' பல இடங்களில் நம் 'ப' என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும்: ஹாலு பால், ஹூவு பூ. பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைக்கு இது பாதி தெரிந்த பாடம். பிறகு லால்பாக்கின் உள்ளே இருக்கும் பெரிய பாறைமேல் ஏற்றிவிடுங்கள். சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய பாறை அது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் சூடேறிய கல்லில் கால் பதித்து நின்றபடி அந்த எண்ணை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு ஞாயிறு கப்பன் பூங்கா. அன்று உள்ளே வண்டிகள் வராது என்பதால் சின்னவர்கள் பயமில்லாமல் ஓடலாம். வேறொரு நாள் அல்சூர் ஏரிப் பக்கம்; 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தாத்தா பாட்டிகளோடு, கட்டுச்சோற்றோடு, நகருக்கு வெளியே ராமோஹள்ளி கிராமத்தின் பெரிய ஆலமரத்துக்குப் போகலாம். நோய் தாக்கி நடுமரம் போய்விட்டது. விழுதுகள்தான் மூன்று ஏக்கருக்குப் பரந்து நிற்கின்றன. விழுது என்றால் என்னவென்று அங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிரமங்கள் தெரியும். மழை பெரும்பாலும் மாலையில்தான் பிடிக்கிறது. காலை ஏழரைக்குத் தொடங்கினால் வெயிலும் ஏறியிருக்காது. கழிப்பறை எங்கே என்று முன்பே பார்த்து வைக்க வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்களாவது கூட வர வேண்டும். லால்பாக்கும் கப்பன் பூங்காவும் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருப்பதால், குழுவாக வருவதை அவர்களிடம் முன்கூட்டிக் கேட்டுவிடுவது நல்லது. அந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். மரங்களின் பெயர்ப் பட்டியலை இரண்டு மொழியிலும் தயாரித்துத் தருகிறேன். தேர்வுக்கான பாடம் பின்தங்குமோ என்று கவலைப்படும் பெற்றோரிடமும் நானே பேசுகிறேன்.

நீங்கள் சரி என்றால், அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை, மெட்ரோ நிலையத்தை ஒட்டிய லால்பாக் மேற்கு வாசலில் ஒரு கூடை நாவற்பழத்தோடு நிற்பேன்.

அன்புடன்,
மூன்றாம் நிலை மாணவி ஒருத்தியின் தாய்,
பெங்களூரு