நேர்கோடுதானே என்று கேட்டவனுக்கு

அன்புள்ள கோணமானி,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. திட்டுவதை முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மொட்டை மறுபடியும் வேலை மாறிவிட்டான், காரணம் உனக்கே தெரியும். செய்தி அவ்வளவுதான்.

இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம், போன வாரம் ஆபீசில் ஒரு புள்ளி காணாமல் போனது. அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறார்கள். நீ எழுந்து போக முடியாது, கடிதம். ஆனால் முதலில் உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே சமாச்சாரம்தான்.

உன் மகள் எழுதும் நிரலில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே, முதல் புள்ளியிலிருந்து இத்தனை தூரத்தில் இன்னொரு புள்ளி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கூடவே, "நேர்கோடுதானே, சாய்வைக் கண்டுபிடித்துப் போட்டால் ஆச்சு" என்று ஒரு தீர்ப்பு வேறு. ஸ்கேல் வாத்தியார் உன்னை எதற்கு வெளியே நிற்க வைத்தார் என்று இப்போது புரிகிறது.

சாய்வை மறந்துவிடச் சொல். நோட்டில் போடும் கணக்குக்கு அது சரி, நிரலுக்கு ஆகாது. கோடு செங்குத்தாக நின்றால் கிடைமட்ட வித்தியாசம் பூஜ்யம், சாய்வுக்கு அந்தப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். சில மொழிகளில் நிரல் அங்கேயே நின்று கத்தும், அது நல்லது. பல மொழிகளில் தசம எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் ஒரு சத்தமும் வராது. முடிவிலி என்று ஒரு மதிப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். அடுத்த வரியில் அந்த முடிவிலியைப் பூஜ்யத்தால் பெருக்கினால் எண்ணே அல்லாத ஒரு மதிப்பு வரும். அது தொட்ட கணக்கெல்லாம் அப்படியே ஆகும். திரையில் புள்ளியும் இருக்காது, பிழைச் செய்தியும் இருக்காது. உட்கார்ந்து தேட வேண்டியதுதான்.

அதற்குப் பதிலாக விகிதத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல். அ என்ற புள்ளி (2, 3), ஆ என்ற புள்ளி (10, 9) என்று வை. வித்தியாசம் குறுக்கே 8, மேலே 6. இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் நீளம் 10. அ-விலிருந்து 4 அலகு தள்ளிப் புள்ளி வேண்டுமா? விகிதம் 4-ஐ 10-ஆல் வகுத்தது, அதாவது 0.4. குறுக்கே 2 + 0.4 × 8 = 5.2. மேலே 3 + 0.4 × 6 = 5.4. முடிந்தது. கோடு எப்படிச் சாய்ந்திருந்தாலும் இதே இரண்டு வரிதான். முப்பரிமாணம் என்றால் மூன்றாவதாக ஒரு வரி.

விகிதம் 0 என்றால் அ, 1 என்றால் ஆ, பாதி என்றால் நடு. 1-ஐத் தாண்டினால் ஆ-வுக்கு அப்பால், பூஜ்யத்துக்குக் கீழே போனால் அ-வுக்குப் பின்னால். துண்டுக்குள்ளேயே நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் வரம்பு போட வேண்டும். அ-வும் ஆ-வும் ஒரே இடமாக இருந்தால் நீளம் பூஜ்யம், மறுபடியும் அதே வகுத்தல் சிக்கல். அதை மட்டும் முன்னாலேயே ஒரு 'இஃப்' நிபந்தனை போட்டுத் தடுத்துவிடச் சொல்.

இன்னொன்று, அவள் கேட்காவிட்டாலும் அடுத்த மாதம் கேட்பாள். திரையில் எங்கோ சொடுக்கினால் அதற்கு மிக அருகில் கோட்டில் இருக்கும் புள்ளி எது? (7, 3)-இல் சொடுக்கியதாக வை. அ-விலிருந்து அது குறுக்கே 5, மேலே 0. 5-ஐ 8-ஆலும் 0-வை 6-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 40. நீளத்தின் வர்க்கம் 100. வகுத்தால் 0.4, அதே (5.2, 5.4)! இதில் வர்க்கமூலமே எடுக்கவில்லை, கவனித்தாயா? இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். சரி, உனக்கு வராது.

இப்போது காணாமல் போன புள்ளிக்கு வருகிறேன். எங்கள் வரைபட நிரலில், ஒரு கோட்டைச் சம இடைவெளியாகப் பிரித்துக் குறி போடும் வேலை ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்த பெண் எழுதியது. 10 இடைவெளி, 11 குறி. வேலிக்கம்பம் மாதிரி, இடைவெளியைவிட ஒன்று கூடுதல். அதை அவள் சரியாகவே செய்திருந்தாள். திரையில் 11 குறி. அச்சுக்கு அனுப்பினால் தாளில் 10. கடைசிக் குறி இல்லை.

முதலில் பிரிண்டரைத் திட்டினார்கள். அப்புறம் தாளின் ஓரத்தைச் சந்தேகப்பட்டார்கள். ஓரம் காரணமே இல்லை, கோட்டைத் தாளின் நடுவில் போட்டாலும் கடைசிக் குறி வரவில்லை. நிரலைத் திறந்து பார்த்தால், விகிதத்தைப் பூஜ்யத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றிலும் 0.1 கூட்டி, 1-ஐத் தாண்டும் வரை அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு லூப். பார்த்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. நீயும் அப்படித்தான் எழுதுவாய்.

விஷயம் என்னவென்றால், 0.1 என்ற எண்ணைக் கணினியால் முழுசாக வைத்துக்கொள்ள முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதே, அதுபோல் பத்தில் ஒன்றைக் கணினியின் 0, 1 மட்டுமே உள்ள இரும எண்ணில் எழுதினால் முடியாது. எங்காவது வெட்டியாக வேண்டும். வெட்டியதைப் பத்து முறை கூட்டினால் பிசகும் கூடவே சேர்கிறது. 64 பிட் டபுளில், அதாவது ஒரு எண்ணுக்கு 64 இரும இடம் ஒதுக்கும் வகையில், பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வருகிறது. 1-ஐத் தாண்டவில்லை, கடைசிக் குறியும் பதிந்துவிடுகிறது. பாதி இடமே உள்ள 32 பிட் ஃப்ளோட்டில் அதே பத்து முறை கூட்டினால் 1.0000001. ஒரு மயிரிழை தாண்டிவிட்டது, லூப் முடிந்தது, குறி போச்சு. திரைக்கு வரையும் பகுதி டபுளில், அச்சுக்கு அனுப்பும் பகுதி ஃப்ளோட்டில். கணக்கு ஒன்றே, விடை இரண்டு!

கோணமானி, இதைக் கண்டுபிடித்தபோது அந்தப் பெண் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். பிழை தன்னுடையது என்ற வருத்தமே இல்லை. சரியான ஆள்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருத்தம் ஒரே வரி. முழு எண்ணில் 0 முதல் 10 வரை எண்ணு, ஒவ்வொரு முறையும் அதைத் தசம எண்ணாக 10-ஆல் வகுத்து விகிதத்தைப் புதிதாக எடு. கடைசியில் 10-ஐ 10-ஆல் வகுத்தால் எந்தக் கணினியிலும் சரியாக 1. அவளிடம் ஒரு விதியும் சொன்னேன்: முந்தின புள்ளி எங்கே இருந்தது என்று அடுத்த புள்ளி கேட்கவே கூடாது. ஒவ்வொன்றும் அ-விலிருந்தே அளந்துகொள்ள வேண்டும்.

வகுப்பதற்குப் பதில் 0.1-ஆல் பெருக்கினால் என்ன என்று கேட்பாய். கூட்டுவதைவிட மேல், ஆனால் போதாது. டபுளில் 3-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 0.30000000000000004. 3-ஐ 10-ஆல் வகுத்தால் வெறும் 0.3. வெட்டுப்பட்ட 0.1-ஐ உள்ளேயே விடாதே என்பதுதான் விஷயம்.

இந்த 0.1 விளையாட்டுச் சாமான் இல்லை. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக, முழு எண்ணில் எண்ணியது. எண்ணிக்கையில் ஒரு தவறும் இல்லை. அதை நொடியாக மாற்றப் பெருக்கிய 0.1 மட்டும் 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1. அமைப்பு நிறுத்தாமல் 100 மணி நேரத்துக்கும் மேல் ஓடியிருந்தது. அதற்குள் நேரம் சுமார் 0.34 நொடி பிசகிவிட்டது. ஸ்கட் அந்த இடைவெளியில் அரை கிலோமீட்டருக்கும் மேல் போய்விடும். எங்கே தேட வேண்டுமோ அங்கே தேடாமல் வேறு இடத்தில் தேடியது. ஏவுகணை படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் செத்துப்போனார்கள். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

சரி, இப்போது உன் குதர்க்கம் கேட்கிறது. "பிரெசென்ஹாம் கூட்டிக்கொண்டேதானே போகிறார், அவர் கோடு மட்டும் எப்படிச் சரியாகப் போய்ச் சேர்கிறது?" அதானே! அதைத்தான் நானும் ரெண்டு நாளாக அசைபோட்டேன்.

ஜாக் பிரெசென்ஹாம் 1962-இல் ஐபிஎம்மில் இருந்தபோது, கால்காம்ப் பிளாட்டர் (பேனாவை நகர்த்தித் தாளில் வரையும் இயந்திரம்) ஒன்றில் கோடு வரைய எழுதிய முறை அது. 1965-இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் அச்சானது. கட்டம் கட்டமான திரையில் எந்தெந்தக் கட்டத்தை நிரப்பினால் கோடு மாதிரித் தெரியும் என்பதற்கு இன்றும் அதைத்தான் பாடத்தில் சொல்லித்தருகிறார்கள். (0, 0)-இலிருந்து (7, 3)-க்குப் போட்டுப் பார். பாக்கி என்று ஒரு எண்ணைப் பூஜ்யத்தில் வைத்துக்கொள். குறுக்கே ஒரு கட்டம் நகரும்போதெல்லாம் அந்தப் பாக்கியில் 3 கூட்டு. பாக்கியின் இரட்டிப்பு 7-ஐ எட்டினால் ஒரு கட்டம் மேலே ஏறி, பாக்கியில் 7-ஐக் கழி. முதல் கட்டத்தில் பாக்கி 3, ஏறவில்லை. இரண்டாவதில் 6, ஏறியாச்சு, பாக்கி −1. மூன்றாவதில் 2. நான்காவதில் 5, ஏறினால் −2. ஐந்தாவதில் 1. ஆறாவதில் 4, ஏறினால் −3. ஏழாவதில் பாக்கி சரியாகப் பூஜ்யம், உயரம் சரியாக 3.

வகுத்தலே இல்லை, தசமமும் இல்லை. பாக்கி முழு எண், எதையும் வெட்டி எறியவில்லை, அதனால் சேர்வதற்குப் பிசகே கிடையாது. ஆகக் கூட்டுவது குற்றம் இல்லையடா, வெட்டியதைக் கூட்டுவதுதான் குற்றம். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன விதியை நாளைக்குத் திருத்திச் சொல்ல வேண்டும். உன் குதர்க்கத்தால் ஒரு பிரயோசனம், குறித்து வைத்துக்கொள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மேலே சொன்ன சூத்திரம் 'அ + விகிதம் × (ஆ − அ)' இருக்கிறதே, அதுவும் ஓரத்தில், அதாவது கோட்டின் முனையில், ஏமாற்றும். அ என்பது 1-க்குப் பின் 16 பூஜ்யம் போட்ட எண், ஆ வெறும் 1 என்று டபுளில் போட்டு, விகிதம் 1 கொடுத்துப் பார். 1 வர வேண்டும், 0 வரும். '(1 − விகிதம்) × அ + விகிதம் × ஆ' என்று எழுதினால் ஓரம் சரியாகிவிடும், ஆனால் அ-வும் ஆ-வும் ஒன்றாக இருக்கும்போது நடுவில் துளி ஆடக்கூடும். இந்தத் தொல்லைக்காகவே சி பிளஸ் பிளஸ் மொழியின் 2020 பதிப்பில் இந்தக் கணக்கைச் செய்ய 'லெர்ப்' என்று தனியாக ஒன்று சேர்த்தார்கள், இரண்டு ஓரமும் துல்லியமாக வரும் என்ற உத்தரவாதத்தோடு. உன் மகளின் திரையில் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன், தூக்கம் கெடட்டும்.

நிரலை அப்படியே அனுப்பச் சொல், பார்க்கிறேன். விகிதத்தை லூப்புக்குள் கூட்டுகிறாளா, எண்ணி வகுக்கிறாளா என்று அதற்கு முன்னால் நீயே ஒரு தடவை பார். வளைகோட்டுப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். பெசியே வளைவில் (சில புள்ளிகளை வைத்து வளைத்து வரையும் கோடு) விகிதத்தைச் சமமாகப் பிரித்தால் தூரம் சமமாகப் பிரியாது, அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். மொட்டையின் புது நம்பர் என்னிடம் இல்லை, உனக்குக் கிடைத்தால் எழுது.

உன்
காம்பஸ்