மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோசம். இங்கே மாரி தொடங்கி வயல் வட்டைக்குள் வெள்ளம் நிற்கிறது. மண்முனைத்துறையில் பாலம் வராத காலமென்றால் பாதைப் படகுக்குக் காத்து நனைந்திருப்பேன்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வாசிகசாலையில் புதன்தோறும் பொழுதுபட வகுப்பு எடுக்கிறேன். பதினொரு பெண்கள். 1990 இல் சண்டை மூண்டபோது இடம்பெயர்ந்து, மூன்றாம் நாலாம் வகுப்போடு நின்றுபோனவர்கள். முதல் மாதம் 'அம்மா, ஆடு, இலை' என்று கரும்பலகையில் எழுதினேன். மரியாதைக்குக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். கிழமைக்குக் கிழமை வரவு குறைந்தது.

ஒருநாள் தயிர் விற்கிற அக்கா ஒருவர் மடிப்புக் கிழிந்த தாளொன்றை நீட்டினார். நுண்கடன் ஒப்பந்தம், அடியில் அவருடைய கைநாட்டு. "சேர், ஆட்டையும் இலையையும் மறுகா படிப்பம். இதில என்ன கிடக்கெண்டு பாருங்க."

கடன் 50,000 ரூபாய். கிழமைக்கு 1,250 படி 52 கிழமை. நான் பலகையில் பெருக்குவதற்குள் "அறுபத்தையாயிரம்" என்றார். அடுத்து, "கட்டக் கட்ட முதல் குறையுதுதானே, வட்டி மட்டும் ஏன் முழுக் காசுக்கும்?" என்று கேட்டார். மச்சான், என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு இருந்து கணக்குப் பார்த்தேன். தாளில் 30 வீதம். குறைந்துவரும் முதலுக்குப் பார்த்தால் 50 வீதத்தையும் தாண்டுகிறது.

கலாசாலையில் பரீட்சைக்காகப் பாவுலோ பிரெய்ரேயைப் பாடமாக்கினோமே. 1963 இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் 300 பேருக்கு 40 மணித்தியாலத்தில் எழுத்தறிவித்தவர். அரிச்சுவடியை விட்டுவிட்டு, அந்தச் சனம் நாளும் புழங்குகிற சொற்களில் தொடங்கினார். எழுத்தறியாதவருக்கு அந்த நாட்டில் அப்போது வாக்குரிமை இல்லை. அடுத்த வருடமே ஆட்சியைப் பிடித்த இராணுவம் அவரைச் சிறையில் போட்டது. அது ஏனென்று அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது பாயில் வட்டமாக இருக்கிறோம். மின்சாரப் பட்டியல், கிளினிக் கொப்பி, போனில் வந்த குறுஞ்செய்தி என்று அவர்கள் கொண்டுவருவதுதான் பாடம். வாசித்துச் சொல்லிவிடுவது எனக்குச் சுகம். ஆனால் அடுத்த தாளுக்கும் என்னைத்தான் தேடுவார்கள். முப்பது வருடம் பேசிப் பழகிய வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது.

அந்த அக்கா நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுகிறார். நாலு வரி வந்துவிட்டது. போன புதன் 'தவனை' என்று எழுதினார். திருத்தக் கை துடித்தது, பேசாமல் இருந்தேன். பக்கத்திலிருந்தவர் "மூண்டு சுழி போடுங்க கா" என்றார். அக்காவே அழித்து எழுதினார்.

தையில் வருவதென்றால் ஒரு புதனும் நிற்கிற மாதிரி வா. கூட்டுவட்டியை உனக்காகவே விட்டுவைத்திருக்கிறேன். நம்மில் கணக்கு வாத்தியார் நீதானே.

அன்புடன்,
உன் மச்சான்