மரத்தையும் சேர்த்துப் படமெடு

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் படமும் சேர்ந்தே வந்தன. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் காட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. இங்கே அனைவரும் நலம். சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

வெண்புள்ளிகள் பதித்த அந்தச் சிவப்புக் குடைக்காளான் அமானிட்டா மஸ்காரியா போலத் தெரிகிறது. குடையை அழகாக எடுத்திருக்கிறாய், மரத்தை விட்டுவிட்டாயே! இந்தப் பூஞ்சை தனித்து வாழாது. பிர்ச், பைன், ஸ்ப்ரூஸ் மரங்களின் வேர்நுனிகளை இதன் இழைகள் உறை போலப் போர்த்திக்கொள்ளும். நீரும் தாது உப்புகளும் மரத்துக்கு; மரம் சமைக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு பூஞ்சைக்கு. மேலே வரும் குடைக்குச் சில நாள்களே ஆயுள். மண்ணுக்கடியில் அந்த உறவு ஆண்டுக்கணக்கில் தொடரும்.

சைபீரியா, ஐரோப்பா, வட அமெரிக்கா என வடபாதிக் காடுகளே இதன் தாயகம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இது மனிதர் கொண்டுபோன மரங்களோடு போனது. நியூசிலாந்தில் அந்த மண்ணுக்கே உரிய தென்பீச் மரங்களின் வேர்களிலும் இப்போது குடியேறிவிட்டது. எனக்கு இது கவலையளிக்கிறது. அந்த வேர்களில் காலங்காலமாக வாழ்ந்த பூஞ்சைகள் எங்கே போகும்?

இதை உண்டால் வரும் மயக்கம் பற்றிக் கேட்டிருந்தாய். பலர் நினைப்பதுபோல், வேறு சில மயக்கக் காளான்களில் இருக்கும் சைலோசைபின் என்ற வேதிப்பொருள் இதில் கிடையாது. ஐபோடெனிக் அமிலமும் மஸ்கிமோலும்தான் காரணம். காளான் காயும்போது முன்னதில் ஒரு பகுதி பின்னதாக மாறும். மஸ்கிமோல் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளைப் போலச் செயல்படுவதால் தள்ளாட்டம், குழப்பம், கனவு போன்ற காட்சிகள், ஆழ்ந்த உறக்கம் எல்லாம் வரும். வாந்தியும் வலிப்பும்கூட வரலாம். ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள கம்சத்காவின் கொர்யாக் மக்கள் இதை உண்டதைப் பழைய பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அது தலைமுறைகளாகக் கைமாறிய அறிவு. நமக்கு அது இல்லை.

பேரனோடு போகும்போது கவனமாக இரு. மழையில் வெண்புள்ளிகள் கழுவிப் போய்விடும். அப்போது உண்ணத்தக்க சீசர் காளான் என்று ஏமாந்தவர்கள் உண்டு. சீசருக்குக் குடையின் அடிமடல்கள் மஞ்சள், இதற்கு வெள்ளை. ஆனாலும் அதை நம்பி எதையும் சமைத்துவிடாதே.

அடுத்த முறை இரண்டடி பின்னால் நின்று மரத்தையும் சேர்த்து எடுத்து அனுப்பு. பிர்ச்சா பைனா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்புடன்,
ராகவன்