என்ஜினை இறக்கும் முன்

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போன் பண்ணியதிலிருந்து மனசு அந்த வண்டியிலேயே நிற்கிறது. 1968-ஆம் வருட மார்க் 2 அம்பாசடர், பாடியில் துரு இல்லை, ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி என்றாய். என்ஜின் மட்டும் புகை தள்ளுகிறது, அதை இறக்கிவிட்டு ஜப்பானின் ஐசுசு என்ஜின் வைக்கலாமா என்று கேட்டாய். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை இது. உன்னிடமும் அம்மாவிடமும் இதுவரை சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீட்டு வண்டி 1964-ஆம் வருடத்தது. உன் அப்பாரு, அதாவது என் அப்பா, வாங்கியது. அதில் இருந்ததும் உன் வண்டியில் இருக்கிற அதே என்ஜின்தான், 1489 சி.சி., இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த பி சீரிஸ். சுமார் 50 குதிரைத்திறன். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு சமவெளியில் போக அது போதும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். 1996-இல் அது எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி இரண்டு முறை போர் செய்தாகிவிட்டது, மூன்றாவது முறை செய்தால் சிலிண்டர் சுவர் தாங்காது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். சிலிண்டருக்குள் லைனர் என்கிற புதுக் குழாயை அடித்திருந்தால் அந்த பிளாக் இன்னும் முப்பது வருடம் ஓடியிருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் என் கண் ஐசுசு மேல் இருந்தது.

கம்பெனியே செய்த வேலை அது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் அதே அம்பாசடர் பாடிக்குள் ஐசுசுவின் 1817 சி.சி. பெட்ரோல் என்ஜினை வைத்து, ஐந்து கியரோடு விற்கத் தொடங்கியிருந்தது. அதே கம்பெனியின் கான்டெஸா காரிலும் அதே கதைதான். இங்கிலாந்து காரான வாக்ஸ்ஹால் விக்டரின் பாடிக்குள் முதலில் நம்முடைய பி சீரிஸை வைத்தார்கள், இழுக்கவில்லை, பிறகு ஐசுசு வந்தது. பிரீமியர் 118 என்.இ. வண்டியை எடுத்துக்கொள், பாடி ஃபியட் 124, என்ஜின் நிஸானின் ஏ12. ஒருவர் பாடியில் இன்னொருவர் என்ஜின் என்பது நம் நாட்டு ரோட்டில் புதிது இல்லை. பெரிய கம்பெனியே செய்யும்போது நம் பட்டறையில் செய்தால் என்ன என்று நினைத்தேன்.

பழைய வண்டிச் சாமான் கடைகள் இருந்த சென்னை புதுப்பேட்டைக்குப் போய், விபத்தில் முன்பக்கம் தப்பித்த ஒரு கான்டெஸாவின் என்ஜினைக் கியர்பாக்ஸோடு வாங்கி, லாரியில் போட்டு கோயம்புத்தூர் கொண்டுவந்தேன். கியர்பாக்ஸோடு வாங்கியது நல்லதாயிற்று. என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற பெல் ஹவுசிங்குக்கு அடாப்டர் கடைய வேண்டிய வேலையே இல்லை.

செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கிப் பார்த்தால், என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப் போய் முன் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் உட்கார்ந்துவிட்டது. என்ஜினை உயர்த்தினால் பானெட் மூடவில்லை. கடைசியில் சம்பை வெட்டிப் பற்றவைத்தேன். இங்கே ஒன்றைக் கவனி. சம்பின் ஆழத்தைக் குறைத்தால், உள்ளே எண்ணெய் உறிஞ்சுகிற ஸ்டிரெய்னரையும் அதே அளவு உயர்த்த வேண்டும். சம்பின் அடித்தகட்டை ஒட்டி இருந்தால் எண்ணெய் வராது, அதிகம் உயர்ந்தால் வளைவில் காற்றை உறிஞ்சும். களிமண் உருண்டை ஒன்றை ஸ்டிரெய்னரில் ஒட்டி, சம்பை மாட்டிக் கழற்றி, அது எவ்வளவு நசுங்கியது என்று அளந்து பார்த்தேன். மூன்று முறை.

பழைய வண்டியில் கியர் ஸ்டீயரிங்கில் இருந்தது. புதியது தரையில் வேண்டும். அதற்கு நடுவில் தகரத்தை வெட்டினேன். கட்டரின் சத்தம் கேட்டு அப்பாரு திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற பிராப்பெல்லர் ஷாப்டைக் குறுக்கி, லேத்தில் நேர் பார்த்து, பேலன்ஸ் செய்து மாட்டியும் அறுபதைத் தாண்டினால் வண்டி அதிர்ந்தது. குறை ஷாப்டில் இல்லை. கியர்பாக்ஸின் வால் ஒரு கோணத்திலும் பின் ஆக்ஸிலின் பினியன் வேறு கோணத்திலும் இருந்தன. அவை இரண்டும் இணையாக நின்றால்தான் ஷாப்டின் இரு முனை மூட்டுகளான இரண்டு கிராஸ்களும் ஒன்றின் ஆட்டத்தை ஒன்று தின்னும். கியர்பாக்ஸ் மவுண்டிங்கின் அடியில் தகடு வைத்து வைத்துச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. அப்புறம் ரேடியேட்டரில் ஃபேன் இடித்தது, சைலன்ஸர் பைப் ஸ்டீயரிங்கில் தட்டியது, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்ததால் வயரிங்கை மாற்ற வேண்டியிருந்தது. உன் வண்டியில் பாட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று முதலில் பார். பல பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனை பாடியில் இருக்கும். அப்படியே ஆல்டர்னேட்டரை இணைத்தால் அடுத்த நொடி அது கருகிவிடும்.

நான்கு மாதம் கழித்து அது ஸ்டார்ட் ஆனது. சாவியைத் திருப்பிய உடனே. எழுபத்தைந்து குதிரைத்திறன், ஐந்து கியர். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்பாரு முன்பக்கம் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஹேண்டிலை எங்கடா நுழைக்கிறது?" என்று கேட்டார். காலையில் ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவது அவர் பழக்கம். செல்ஃப் நன்றாக இருந்தாலும் முதல் சுற்று கையால்தான். நான் வைத்த என்ஜினின் புல்லியில் ஹேண்டில் கவ்வுகிற கொக்கி கிடையாது. இனிமேல் அது தேவையில்லை அப்பா என்றேன். ஹேண்டிலைத் துணியில் துடைத்து ஷெட்டில் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

இனி, சொல்லாததைச் சொல்கிறேன். அந்த ஜனவரியில் வால்பாறை போனோம், உனக்கு ஐந்து வயது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பழைய என்ஜினில் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறிய இடங்களை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஏறினேன். என்னை விடப் பெருமைப்பட்டவன் அன்றைக்கு இருந்திருக்க மாட்டான். இறங்கும்போது அதே பெருமையில் மூன்றாவது கியரிலேயே விட்டேன். இருபதாவது வளைவு தாண்டியதும் பிரேக் லைனிங் கருகுகிற வாசனை. அதற்குக் கீழே ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன், மிதி கல் மாதிரி இறுகி நின்றது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியரில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரை ஒட்டி உரசவிட்டேன். நின்றது. நீ பின் சீட்டில் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். என்ஜின் சூடாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். டிரம்கள் ஆறும் வரை ஒரு மணி நேரம் அங்கேயே நின்றோம். நீ எழுந்து ஆரஞ்சு சாப்பிட்டாய். என் கை நடுங்குவதை மறைக்க பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதிக்குக் கூடுதல் பலம் தருகிற பூஸ்டர் கிடையாது. ஐம்பது குதிரைத்திறனுக்கும் அந்தக் காலத்து வேகத்துக்கும் போட்ட பிரேக் அது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. நான்கு மாதம் என்ஜினோடு கிடந்த நான், பிரேக்குக்கு ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. பிறகு முன் டிஸ்க்கும் பூஸ்டரும் தேடிப் போட்ட பின்தான் உங்களை அதில் ஏற்றினேன். எட்டு மாதம் வண்டி ஷெட்டிலேயே ஏன் நின்றது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், ஞாபகம் இருக்கிறதா?

இன்னொரு தப்பும் செய்தேன். இறக்கி வைத்த பழைய என்ஜின் இடத்தை அடைக்கிறது என்று இரும்புக் கடைக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்பாரு ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுத்தேன். அவர் வந்து ஷெட்டின் மூலையைப் பார்த்தார். கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இத்தனை வருடம் இது என்னைக் குடைந்திருக்காது.

சட்டத்தையும் யோசி. 1996-இல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டி எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கி, புது என்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற முடிந்தது. 2000-இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைத் திருத்தினார்கள். தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று ஆகிவிட்டது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.சி.யில் ஒரு எண், பானெட்டுக்குள் வேறு எண் என்றால் நாளைக்கு ஒரு விபத்தில் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். அதைவிட முக்கியம், 2021-இல் வந்த விண்டேஜ் விதி. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்தோடு தனிப் பதிவு தருகிறார்கள். கட்டணம் இருபதாயிரம், பத்து வருடத்துக்கு. ஆனால் சேஸியிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உன் 1968 வண்டிக்கு அது கிடைக்கும். நம் 1964 வண்டிக்கு நான் அந்தக் கதவை அடைத்துவிட்டேன். அந்தப் பதிவில் தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது, அதையும் கணக்கில் வை.

நீ என்ஜினியர், வண்டி உன்னுடையது, முடிவும் உன்னுடையது. என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன்: இறக்காதே. முதலில் புகை என்ன நிறம் என்று பார். நீலப் புகை என்றால், மிதிக்கும்போது வருகிறதா, மிதியை விட்டு மறுபடி மிதிக்கும்போது வருகிறதா? முதலாவது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், இரண்டாவது என்றால் வால்வ் கைடு. நான்கு சிலிண்டரிலும் கேஜ் வைத்து கம்ப்ரெஷன் அழுத்தத்தை எடு. குறைவாக இருக்கும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி எடு. ஏறினால் ரிங்கும் போரும், ஏறாவிட்டால் வால்வு. வெறும் வால்வு வேலை என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். பாகம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. எம்.ஜி.ஏ. என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சி.சி. பி சீரிஸ்தான். அதனால் இங்கிலாந்தில் இந்தக் குடும்பத்து என்ஜினுக்கு இன்றும் சாமான் விற்கிறார்கள். கிராங்க்கில் மூன்று மெயின் பேரிங்தான், கிரைண்டிங் செலவும் அதிகம் இல்லை.

அதையும் மீறி ஐசுசுதான் என்று முடிவு செய்தால், பிரேக்கிலிருந்து ஆரம்பி. பழைய என்ஜினை எண்ணெய் பூசி, தார்பாயில் சுற்றி, பலகை மேல் வைத்து இங்கே அனுப்பிவிடு. ஷெட்டில் அந்த மூலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மார்ச்சில் அம்மாவோடு புனேக்கு வருகிறேன். கம்ப்ரெஷன் கேஜும் அப்பாருவின் ஃபீலர் கேஜும் எடுத்து வருவேன். ஆணியில் தொங்கிய ஹேண்டிலை நேற்று இறக்கித் துரு நீக்கினேன். மரப்பிடி நன்றாக இருக்கிறது. அதை நாளைக்கே பார்சலில் அனுப்புகிறேன். உன் வண்டியின் முன்பக்கம் அதற்கான துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா